கொற்றங்குடியின் முழு வாய்

குடத்துக்குள் ஓலை நறுக்குகள் உரசிக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சூளைச் சூட்டின் வாசம் போகாத புதுக் குடம், அதன் வயிற்றில் முப்பது பெயர்கள், அதைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கிய பூசகரின் இரண்டு கைகள். மழைக்கு முன்னால் பனங்காட்டுக்குள் காற்று நுழைவது போல முதலில் ஒரு சரசரப்பு, பிறகு யாரோ அதன் உதட்டில் விரல் வைத்தது போல ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் தாழையூரிலிருந்து கொற்றங்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. சபைக் குடத்தில் கைவிட்டு ஓலை எடுப்பது ஊருக்குக் கடைசியாக வந்த மணப்பெண்ணின் வேலை என்பது கொற்றங்குடியின் வழக்கம். யாருக்கு யாரோடு பகை என்று அவளுக்கு இன்னும் தெரிந்திருக்காது, எழுத்தும் தெரியாது, பயத்தில் எல்லா ஓலையும் ஒன்றாகத்தான் தோன்றும், ஆகவே அந்தக் கை நடுநிலையான கை என்று சொல்வார்கள். ஏரிக்கு ஒருவர், தோட்டத்துக்கு ஒருவர், கோயிலுக்கு ஒருவர் என்று அப்படித்தான் ஆண்டுதோறும் ஆள் எடுத்தார்கள். அந்த ஆண்டு ஒரே ஒருவரை எடுக்கவேண்டியிருந்தது, தலைநகருக்கு அனுப்ப.

அரசரின் ஓலை வந்திருந்தது. அதுவரை எங்களுக்கு அரசர் என்றால் ஆண்டுக்கொரு முறை வருகிற முரசுச் சத்தம், அவ்வளவுதான். இந்த அரசர் வேறு மாதிரி. முதலில் நாடு முழுதுக்கும் ஒரே அளவுகோல் அனுப்பினார், பிறகு ஒரே மரக்கால், பிறகு எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி எழுத்து எழுதுகிற ஆட்கள். இப்போது எழுபத்துமூன்று ஏரிகளின் மதகுகளும் தலைநகரின் ஓலைப்படி திறந்து தலைநகரின் ஓலைப்படி மூடவேண்டும் என்று விரும்பினார். ஆனால் அவருடைய பாட்டனார் எங்கள் கோயில் சுவரில் ஒரு வாக்குறுதி வெட்டிவைத்துப் போயிருந்தார்: ஏரியை ஊரே திறக்கும், ஊரே அடைக்கும், எழுபத்துமூன்று ஊரும் இசையாமல் இதை மாற்றோம். அதனால்தான் அரசருக்கு எங்கள் இசைவு தேவைப்பட்டது. ஊருக்கு ஒருவர் வரட்டும் என்று எழுதினார். எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். வருகிறவன், 'ஊரைக் கேட்டு வருகிறேன்' என்று நழுவிவிடக்கூடாது அல்லவா? ஆகவே ஓலையில் இப்படி இருந்தது: ஊர் தன் வாயை முழுதும் அவரிடம் கொடுத்து அனுப்புக, அவர் சொன்னது ஊர் சொன்னது, 'ஊரைக் கேட்டு வருகிறேன்' என்ற சொல் ஏற்கப்படாது.

ஓலை தலைநகரிலிருந்து எங்கள் ஊருக்கு வர ஒன்பது நாள் ஆகும். தண்ணீரில்லாத நாற்று ஐந்து நாள் தாங்கும். இந்தக் கணக்கு எங்கள் ஊரில் எருமைக்கும் தெரியும்.

நான் எடுத்த ஓலையைக் கணக்கர் பட்டாலகன் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வாயைத் திறந்தார், மூடினார்.

"படியுமேன் ஓய், என்ன பேய் பிடிச்ச மாதிரி நிக்கிறீர்?" என்றது மண்டபத்திலிருந்து ஒரு குரல்.

"வேம்பி," என்றார் கணக்கர். "குடம் ஒன்று."

மண்டபமே சிரித்தது. "குடம் ஒன்றா? அது எந்தக் குலத்துப் பட்டம்?" என்று கேட்டார் ஒருவர்.

நடந்தது இதுதான். புதுக் குடம் வேண்டும் என்று போன வாரம் கணக்கர் தன் கையால் ஓர் ஓலை நறுக்கு எழுதி, குயத்தி வேம்பிக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். எந்தக் குடம் சபைக்குரியது என்று மறந்துவிடாமலிருக்க வேம்பி அந்த நறுக்கை அந்தக் குடத்துக்குள்ளேயே போட்டுவைத்தாள். எடுத்துவிட மறந்தாள். அதே ஓலை, அதே எழுத்தாணி, அதே கையெழுத்து.

மறுபடி குலுக்கவேண்டும் என்றார்கள் சிலர். சபையில் மூத்தவர் கையை உயர்த்தினார். "கை எடுத்தது எடுத்ததுதான். இன்றைக்கு இதை உள்ளே போட்டால் நாளைக்கு என் பெயர் பிடிக்காதவன் என் ஓலையையும் உள்ளே போடு என்பான்." எல்லாரும் தலையாட்டினார்கள். நீதிக்காக ஆட்டியவர்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். மற்றவர்கள், தலைநகருக்குப் போய் அரசரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிற வேலை தங்கள் தலையில் விழவில்லையே என்ற நிம்மதியில் ஆட்டினார்கள்.

வேம்பியைக் கூட்டிவந்தார்கள். ஐம்பது வயது, கைம்பெண், முழங்கை வரை மண். மண்டபத்துக்குக் கீழேயே நின்றாள்.

"எனக்கு நிலம் கெடையாது. இந்த மண்டபத்துல ஏற எனக்குப் படியும் கெடையாது. குடம் ஒண்ணு கேட்டீங்க, குடுத்தேன். இப்ப குடத்தோட குயத்தியையும் சேத்துக் கேக்குறீங்களா?"

"ஊருக்காகப் போ, வேம்பி."

"போறேன். ஆனா பேசத் தெரியாது எனக்கு. திட்டத்தான் தெரியும்."

"அது போதும்," என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் சொன்னது. அது என் மாமியாருடையது. பெண்கள் சபையில் பேசுவதில்லை என்பதால் அதை யாரும் கேட்கவில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

ஓலையில் இருந்தபடியே ஊர் கூடி நின்று, "எங்கள் வாயை முழுதும் இவளுக்குக் கொடுத்தோம்" என்று ஒன்றாகச் சொன்னது. நானும் சொன்னேன். வேம்பி ஒரு மூட்டையில் அவலைக் கட்டிக்கொண்டு கிழக்கே நடந்தாள். அவள் எல்லைக்கல்லைத் தாண்டிய கணத்தில் கொற்றங்குடியில் பேசிக்கொண்டிருந்த எல்லாரும் பாதிச் சொல்லில் நின்றுபோனார்கள். ஓதுவார் ஒரு பதிகத்தின் மூன்றாம் வரியில் நின்றார். என் கணவர் நக்கன், "அல்லி, தண்ணி கொண்..." என்று நின்றார். கொடுத்த பொருள் கைவிட்டுப் போவதில் என்ன ஆச்சரியம்? சிலர் தொண்டையைத் தடவிப் பார்த்தார்கள், பிறகு தண்ணீர் குடித்தார்கள், பிறகு வேலைக்குப் போனார்கள்.

என் குரலும் போயிருந்தது. அதைத் தெரிந்துகொண்டபோது என் மாமியார் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். தாழையூர்க்காரியாகவே இருந்திருந்தால் என் குரல் என்னிடமே நின்றிருக்கும். தாலியேறி இருபதாவது நாள், பேச்சுப் போன பிறகுதான், நான் அந்த ஊர்க்காரி ஆனேன்.

பழகிக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது. அழுதால் கேட்காது என்பதால் கைக்குழந்தைகளின் காலில் சலங்கை கட்டினோம். மாட்டுக்கும் குழந்தைக்கும் ஒரே ஓசை ஆகிவிடக்கூடாது என்று மாட்டின் மணிகளைக் கழற்றினோம். ஓதுவார் பொழுது சாய்ந்ததும் வழக்கமான இடத்தில் நின்று வாயசைத்தார், நாங்கள் வழக்கமான இடத்தில் நின்று கேட்டோம், முன்னைவிடக் கூட்டம் அதிகமாக இருந்தது. சந்தைக்கு வந்த உப்பு வணிகன் மூன்று வீட்டில் விலை சொல்லிப் பார்த்துவிட்டு, தனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து, காதைத் தட்டிக்கொண்டே போனான். ஒரு சாவு விழுந்தது. ஒப்பாரி இல்லாமல் மார்பில் அடித்துக்கொண்ட கைகளின் சத்தம் மட்டும் தெரு முழுதும் கேட்டது, அப்படி ஒரு துக்கத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. எதிரெதிர் வீட்டில் ஒன்பது ஆண்டாகப் பேசாமலிருந்த இரண்டு சகோதரர்கள், இப்போது யாருமே பேசாததால் தங்கள் பகை ஊருக்குத் தெரியாமல் போவதைப் பொறுக்கமாட்டாமல், கையசைத்துச் சண்டை போட ஆரம்பித்து, அதிலேயே சமாதானமும் ஆனார்கள். சபையில் பேசியே பெயர் எடுத்தவர்களும், வாழ்நாளில் சபைப் படி ஏறாதவர்களும் ஒரே உயரத்துக்கு வந்திருந்தார்கள். பெண்களின் கைகள் ஆண்களின் கைகளைவிட வேகமாகப் பேசக் கற்றுக்கொண்டன.

வேம்பி கிளம்பிய அன்றே அரசரின் காவலன் ஒருவன் வந்து மதகின் மேல் அரக்கு முத்திரை வைத்திருந்தான். இசைவு வருகிறவரைக்கும் என்று சொன்னான். அவனுக்கு மட்டும் குரல் இருந்தது. பேச ஆளில்லாமல் அவன் ஏரியோடு பேசிக்கொண்டிருந்தான். மழை பெய்த நாட்களில் எங்களுக்கும் ஏரி தேவைப்படவில்லை. மழை குறையத் தொடங்கியதும் காவலனே பயந்து, 'தண்ணீர் திறக்கலாமா' என்று ஓலை அனுப்பினான். பதினெட்டாம் நாள் பதில் வந்தது. 'எந்த ஏரி?' என்று கேட்டிருந்தார்கள்.

இனிச் சொல்வது பின்னாளில் சூளை ஆறக் காத்திருந்த பொழுதுகளில் வேம்பி எனக்குச் சொன்னது.

தலைநகர் மண்டபத்தில் எழுபத்துமூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அரசரின் ஓலைகளுக்கெல்லாம் தலைவரான விழுப்பரையர் ஒவ்வோர் ஊராகக் கூப்பிட்டார். கூப்பிடப்பட்டவர் எழுந்து, "இசைந்தோம்" என்றார். எழுத்தர் எழுதினார். தாழையூருக்காக எழுந்தவர் என் அப்பா சாத்தன். அவரும் இசைந்தார். மேலே இருக்கும் கொற்றங்குடி தயவில் தண்ணீர் வாங்குவதைவிட, தூரத்தில் இருக்கும் அரசர் தயவில் வாங்குவது கௌரவம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

கடைசியாக வேம்பியைக் கூப்பிட்டார்கள்.

"கொற்றங்குடி இசைகிறதா?"

வேம்பி வாயைத் திறந்தாள். முதலில் ஒரு குழந்தை வீறிட்டது. பிறகு, "என் மண்வெட்டியை எவன்டா எடுத்தான்?" என்றது ஒரு முரட்டுக் குரல். "உங்கம்மா சமையலுக்கு எங்க வீட்டு நாயே மேல்" என்றது ஒரு பெண். பதிகத்தின் மூன்றாம் வரி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. "தண்ணி கொண்டா" என்றார் என் கணவர். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தந்த நேரத்தில் என்ன சொல்ல நினைத்தார்களோ அத்தனையும் வந்தது. எழுத்தர் முதல் ஏழெட்டை எழுதினார், பிறகு எழுத்தாணி முறிந்தது.

விழுப்பரையர் பொறுமைசாலி. "இதில் ஊரின் சொல் எது?"

"எல்லாந்தாங்க ஐயா. முழு வாயும் வேணும்னு எழுதியிருந்தீங்க. பாதிய விட்டுட்டு வந்தாக் குத்தமாயிடாதா?"

"எனக்கு ஒரு சொல் போதும். இசைந்தோம். ஐந்தே எழுத்து."

"சாமி பேரும் அஞ்செழுத்துதான். அத யாரும் கழுத்தப் புடிச்சுச் சொல்ல வைக்கிறதில்ல."

அவளை அடிக்கவில்லை. ஊரின் வாயை அடித்தால் ஊரை அடித்ததாகிவிடும், அதற்கும் சுவரில் ஏதாவது எழுதியிருக்கலாம் என்று பயம். ஒரு சொல் வருகிறவரை எழுபத்துமூன்று பேரும் காத்திருக்கட்டும் என்றார்கள். தினமும் காலையில் கேட்டார்கள், தினமும் முந்நூறு பதில் வந்தது. பதினைந்தாம் நாளுக்குப் பிறகு மற்ற ஊர்க்காரர்கள் வேம்பியைச் சுற்றிக்கொண்டார்கள்.

"உன்னால எங்க வீட்டு விதைப்புப் போச்சு. சொல்லித் தொலையேன்."

"எனக்கும் சொல்லத் தெரியும். சொன்னா எங்க ஊர் சொன்னதாயிடுமே."

"ஏம்மா," என்றார் என் அப்பா, "என் மகளக் குடுத்திருக்குறது உங்க ஊர்லதான். எனக்கு மட்டும் அக்கறை இல்லியா? ஊருக்கு ஒருத்தரக் கூப்பிட்டது பேசி முடிக்கத்தானே, சந்தை நடத்தவா?"

வேம்பி தன் கையைப் பார்த்துக்கொண்டாள். பசித்தது, மண்ணைத் தொடாமல் கை வெடித்திருந்தது, மூன்றூர்க்காரர்கள் அவளுக்குச் சோற்றை நிறுத்தியிருந்தார்கள். மறுநாள் அந்த ஐந்தெழுத்தைச் சொல்லிவிடுவேன் என்றுதான் அன்றைக்குப் படுத்தேன் என்று என்னிடம் சொன்னாள்.

வேம்பி கிளம்பி நாற்பத்திரண்டாம் நாள் காலை. கொற்றங்குடியில் நான் நாற்றங்காலில் நின்றுகொண்டிருந்தேன். நாற்றின் நுனி பழுத்து, பிறகு வெளுத்து, காற்றில் வைக்கோல் மாதிரி ஒலிக்கத் தொடங்கியிருந்தது. அதுவரை நான் புது மருமகள், எதையும் சொல்ல நினைத்ததே கிடையாது, ஆகவே வேம்பியின் வாயில் என் குரல் ஒருநாளும் வந்ததில்லை. அன்றைக்குக் கிழக்கே, தாழையூர் இருக்கும் பக்கம் பார்த்தேன். என் வாய் தானாக அசைந்தது.

ஒன்பது நாள் தூரத்தில், அரசரின் மண்டபத்தில், ஐம்பது வயதுக் குயத்தியின் வாயிலிருந்து பதினேழு வயதுப் பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா, நாத்து காயுதுப்பா."

என் அப்பா எழுந்தார். அவருக்கு முழங்கால் வலி, மெதுவாகத்தான் எழுவார். சுற்றியிருந்தவர்கள், வேம்பியை அதட்டப் போகிறார் என்று நினைத்தார்கள். அவர் விழுப்பரையரைப் பார்த்தார்.

"ஐயா, நான் முன்னால சொன்னதை எடுத்துக்குறேன். எங்க ஊரக் கேட்டுட்டு வர்றேன்."

"அந்தச் சொல் ஏற்கப்படாது என்று ஓலையிலேயே இருக்கிறதே."

"ஓலையில இருக்கு. எங்க ஊருக்கு மேட்டுல, மக இருக்குற ஊர்லயே தண்ணி இல்ல. நான் கேட்டுட்டு வர்றேன்."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார். எங்க ஊரக் கேட்டுட்டு வர்றேன். அவருக்கு அடுத்து இருந்தவரும். எங்க ஊரக் கேட்டுட்டு வர்றேன். ஏற்கப்படாத அந்த ஒரு சொல்லை எழுபத்திரண்டு பேர் எழுந்து நின்று சொன்னார்கள், சோற்றை நிறுத்தியவர்களும் சொன்னார்கள், சொல்லிவிட்டு உத்தரவு கேட்காமல் மூட்டையைக் கட்டினார்கள். அரசர் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டார் என்கிறார்கள், தூங்கிக்கொண்டிருந்தார் என்றும் சொல்கிறார்கள். விழுப்பரையர் எழுத்தரிடம், "எழுது, கேட்டு வருவார்கள்" என்றார்.

அதே நேரத்தில் கொற்றங்குடியில் என் உதடு அசைவதை என் கணவர் பார்த்தார். அவர் கையிலிருந்த மண்வெட்டியோடு ஏரிக்கரைக்கு ஏறினார். அவர் யாரையும் கூப்பிடவில்லை, கூப்பிட முடியாது. ஆனாலும் எல்லா வயலிலிருந்தும் ஆட்கள் ஏறினார்கள், பெண்கள் ஏறினார்கள், சலங்கை ஒலிக்கக் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார்கள். அரக்கு முத்திரை பலாக்கொட்டை அளவுதான் இருந்தது. என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி மதகுக் கட்டையைப் பிடுங்கினார்.

"யார் சொல்லி இதைச் செய்தீர்கள்? சொன்னவன் யார்?" என்று காவலன் கத்தினான்.

முந்நூற்றுப் பதினோரு பேர் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் வரிசையாக ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். கடைசியில் உட்கார்ந்து தன் ஓலையில் எழுதினான்: 'ஒருவரும் சொல்லவில்லை.' அதில் பொய் ஒன்றும் இல்லை.

வேம்பி திரும்பி வந்தபோது நட்ட நாற்று வயலில் பச்சை பிடித்திருந்தது. ஊர் முழுதும் எல்லைக்கல்லில் காத்திருந்தோம். அவள் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்று, மூட்டையை இறக்கிவைத்து, "அவங்கவங்களோடத அவங்கவங்க எடுத்துக்கங்க. மாத்தி எடுத்துட்டு நாளைக்கு என் வாசல்ல வந்து நிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுக் கல்லைத் தாண்டினாள். ஓதுவார் நான்காம் வரியைப் பாடினார். குழந்தைகள் தங்கள் அழுகையைக் கேட்டுப் பயந்து மேலும் அழுதன. என் கணவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல் என்றார். தண்ணி வேணுமா என்று கேட்டேன்.

அடுத்த ஆண்டு வந்த அரசர் ஓலையில் 'முழு வாய்' என்ற சொல் இல்லை. செய்தியைச் சொல்லி, ஊரைக் கேட்டு வருக என்றிருந்தது. அதற்கடுத்த ஆண்டும் அப்படியே. எங்கள் மதகை நாங்களே திறந்தோம்.

ஆனால் கொற்றங்குடிச் சபை, வேம்பி சுமந்துவந்து கொடுத்த குரலில், முதல் கூட்டத்திலேயே செய்தது வேறு. கோயில் சுவரில் பாட்டனாரின் வாக்குறுதிக்குக் கீழே புதிய விதி வெட்டினார்கள். சொந்த நிலம் உள்ளவர் பெயரே குடத்தில் இடப்படும். சொந்த மனையில் வீடு கட்டியவர் பெயரே இடப்படும். பெண்களின் பெயர் இடப்படாது. ஓலை இடுவதற்கு முன் குடத்தைச் சபை பார்க்கக் கவிழ்த்து உதறவேண்டும். கணக்கர் பட்டாலகன் இதை உரக்கப் படித்தபோது மண்டபத்துக்குக் கீழே வேம்பியும் நின்றிருந்தாள். என் மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இந்த முறை கேட்டது, உட்காரச் சொன்னார்கள்.

"குடம் யாரு குடுக்குறது?" என்று மட்டும் வேம்பி கேட்டாள்.

"நீதான், வேற யார்?"

"சரி," என்றாள்.

அடுத்த ஆண்டும் ஊருக்குக் கடைசி மணப்பெண் நானாகவே இருந்தேன். பூசகர் குடத்தைக் கவிழ்த்தார், உதறினார், தட்டினார், ஒன்றும் விழவில்லை. ஓலைகளை இட்டுக் குலுக்கினார். அந்தச் சரசரப்பில் முந்தைய ஆண்டு இல்லாத ஒரு சின்ன இடறல் கேட்டது, ஓலை நுனிகள் எதிலோ தட்டித் தட்டிப் போவது போல. கையை விட்டேன். குடத்தின் அடியில், சுடுவதற்கு முன் ஈர மண்ணில் கீறிய கோடுகள் விரலில் பட்டன. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் போன ஆண்டு ஓர் ஓலையை எடுத்துக் கணக்கர் கையில் கொடுக்கும்வரை அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான், வளைவுகள் நினைவிருந்தன, அது வேம்பியின் பெயர். கணக்கர் எழுதிய அந்த நறுக்கை வாங்கி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து அவள் கீறியிருக்கிறாள். நான் வேறோர் ஓலையை எடுத்துக் கொடுத்துவிட்டு இறங்கினேன். எனக்குப் பின் வந்த மணப்பெண்களுக்கு, முதல் முறை குடத்தில் கைவிடப் போகிறவர்களுக்கு, அடியைத் தடவிப் பார் என்று மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

வேம்பி அதன் பிறகு பதினாறு ஆண்டு இருந்தாள், பதினாறு குடம் கொடுத்தாள். ஒரு மாசி மாதம், சூளை மூட்டிய மறுநாள் காலையில் இறந்தாள். அந்த ஆண்டுக் குடம் ஏற்கெனவே வெந்திருந்தது.